படலை திறக்காமல் வந்த அழைப்பு

அத்தியாயம் 4

வெள்ளிக்கிழமைகளில் மட்டும் வரும் கள்ளனை நான் அதற்கு முன் கேள்விப்பட்டதில்லை.

"சைவக் கள்ளன் போலை கிடக்கு, நானா. விரதம் பிடிச்சுக்கொண்டுதான் வேலைக்கு இறங்கிறான்," என்றேன்.

றஊப் நானா சிரிக்கவில்லை. என் பகிடிக்கு அவர் சிரிப்பது பெருநாளுக்குப் பெருநாள்தான். மேசைக்கு முன்னால் இருந்த பெண்ணும் சிரிக்கவில்லை. அவள் இருந்த நிலையில் சிரிப்பு வராது என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது.

யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்குப் பின்னால், ஒரு சைக்கிள் கடையின் மாடியில் இருக்கிறது எங்கள் துப்பறியும் நிலையம். அப்படியென்று பெயர்ப்பலகைதான் சொல்கிறது. நாங்கள் செய்வதெல்லாம், வெளிநாட்டு மாப்பிள்ளைமாருக்கு அங்கே ஏற்கெனவே ஒரு மனைவி இருக்கிறாளா என்று விசாரித்துச் சொல்வதுதான். துப்பறிகிறவர் றஊப் நானா. நான் வித்தியா, அவருடைய உதவியாள். "நான் மூளை, இவள் வாய்," என்று அவர் வருகிறவர்களிடம் அறிமுகம் செய்வார். எனக்கு அதில் கோபம் இல்லை. மூளையை விட வாய்க்குத்தான் இந்த ஊரில் வேலை அதிகம்.

வந்தவள் பெயர் நிரோஜா. நல்லூரில் ஒரு ரியூசன் நிலையத்துக்கு மேலே அறை எடுத்துக் கணினிக்குப் புரோகிராம் எழுதுகிறவள்.

"காங்கேசன்துறையிலை ஆழ்வாப்பிள்ளை எண்டு ஒரு ஐயா, சேர். கப்பலிலை வேலை செய்தவர். மனுசி செத்துப்போனா. தனியத்தான் இருக்கிறார். மகன் செந்தூரன் கனடாவிலை. அப்பாவைக் கவனிக்க வீட்டிலை ஏதாவது ஏற்பாடு செய்து தாங்கோ எண்டு மகன் கேட்டவர். நான்தான் பூட்டிக் குடுத்தனான்."

"என்ன ஏற்பாடு?" என்றார் நானா.

"வாசல் படலையிலை ஒரு சின்னக் கருவி. ஹோலிலை இன்னொண்டு. படலை ஒருக்காத் திறந்தால் ஐயா வெளியிலை போட்டார். திரும்பத் திறந்தால் வந்திட்டார். அவர் வெளியிலை நிக்கேக்கை ஹோலிலை ஆராவது நடமாடினால் மகன்ரை போன் அடிக்கும்."

மடிக்கணினியைத் திறந்து எங்கள் பக்கம் திருப்பினாள். திரையில் ஒரே ஒரு வரி.

நடந்தால்("ஆளில்லாத வீட்டில் நடமாட்டம்", மகனைக்கூப்பிடு)

"இவ்வளவுதானோ?" என்றேன். "இதை நானும் எழுதுவனே."

"நீங்களும் எழுதோணும் எண்டுதானே அக்கா இதைச் செய்தனான்," என்றாள் அவள். அப்போதுதான் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. "முந்தி உந்த ஒரு வேலைக்குப் பக்கம் பக்கமாய் எழுதோணும். இப்ப எது நடந்தால் ஆரைக் கூப்பிடோணும் எண்டு சொன்னால் காணும். மிச்சத்தை உள்ளுக்கை நான் எழுதி வைச்சது பாத்துக்கொள்ளும்."

"நடக்குமட்டும் அது என்ன செய்யும்?" என்று கேட்டார் நானா.

"ஒண்டும் செய்யாது, சேர். காத்துக்கொண்டிருக்கும். பழைய புரோகிராம் எண்டால் அடிக்கொருக்காப் போய், 'என்ன நடந்தது? என்ன நடந்தது?' எண்டு கேட்டுக்கொண்டு நிக்கும். இதுக்கு அந்த அலைச்சல் இல்லை. நடந்தால் தானாய்க் கூப்பிடும்."

"நடக்காட்டில்?"

"நடக்காட்டில் ஏன் கூப்பிடுவான்?"

நானா யன்னலுக்கு வெளியே பார்த்தார். கீழே யாரோ சைக்கிள் ரியூப்புக்குக் காற்றடிக்கிற சத்தம் கேட்டது.

கதை இதுதான். வெள்ளிக்கிழமை காலைகளில் ஐயா கோயிலுக்கு வெளிக்கிடுவார். படலை திறக்கும். கொஞ்ச நேரத்தில் ஹோலில் ஆள் நடமாட்டம் என்று கனடாவில் போன் அடிக்கும். மகன் பதறிப்போய் அப்பாவுக்கு எடுப்பான். அப்பாவும், "ஓம் தம்பி, ஏதோ அரவம் கேட்டுத்தான் நான் திரும்பி வந்தனான்," என்பார். பொலிஸ் வந்து பார்த்தது. ஒரு கரண்டிகூடக் களவு போகவில்லை.

"மகன் பயந்து போனார், சேர். கொழும்பிலை ஒரு முதியோர் இல்லத்திலை இடம் எடுத்திட்டார். ஞாயிற்றுக்கிழமை ஐயாவை ஏத்த வான் வருது." நிரோஜாவின் குரல் உடைந்தது. "ஐயா என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு அழுதவர். முகாம், சொந்தக்காரர் வீடு எண்டு அலைஞ்சு, ஆமி பிடிச்சு வைச்சிருந்த காணியை விட்டாப்போலை திரும்பி வந்து கட்டின வீடு. அதிலைதான் சாகோணும் எண்டு இருக்கிறார். ஒண்டில் கள்ளனைப் பிடிச்சுத் தாங்கோ. இல்லாட்டில் என்ரை வரியிலைதான் பிழை எண்டாவது கண்டுபிடிச்சுத் தாங்கோ. ரெண்டிலை எது எண்டாலும் அவர் வீட்டிலை இருக்கலாம்."

அன்று வியாழக்கிழமை. எங்களுக்குக் கிடைத்தது ஒரே ஒரு வெள்ளி.

"கள்ளன் வாற நேரம் கனடாவிலை என்ன நேரம்?" என்று கேட்டார் நானா.

"வியாழன் இரவு. மகன் வேலையாலை வந்து, சாப்பிட்டு, படுக்கப் போக முதல்."

"ஒருக்காலும் அவரை நித்திரையாலை எழுப்பினதில்லையோ?"

நிரோஜா யோசித்தாள். "இல்லை, சேர்."

"நல்ல மரியாதையான கள்ளன்," என்றார் நானா. அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. அவரிடம் எனக்குப் பிடிக்காத பழக்கம் அதுதான்.

மறுநாள் காலை நானாவின் ஓட்டோவில் புறப்பட்டோம். வேவு பார்க்க ஓட்டோவைப் போல் ஒரு வாகனம் கிடையாது. எந்தச் சந்து ஒழுங்கையில் நின்றாலும் எவனும் ஏன் என்று கேட்கமாட்டான். ஒரே தொல்லை, வழியெல்லாம் சனம் கை காட்டும். சுன்னாகத்தில் ஒரு அம்மா வாழைக்குலையோடு ஏறியே விட்டார். அவரை இறக்கி விடுவதற்குள் எனக்குத் தொண்டைத் தண்ணீர் வற்றிவிட்டது.

"நானா, புத்தளத்துக்கு எடுத்துக் கதைச்சியளோ?" என்று கேட்டேன். வாய் சும்மா இருக்காது என்பதற்காகக் கேட்டேன்.

"ஏன்? அங்கை ஒண்டும் நடக்கல்லையே."

நானா இளந்தாரியாக இருந்தபோது, தொண்ணூறாம் ஆண்டில், யாழ்ப்பாணத்து முஸ்லிம் சனம் எல்லோரையும் இயக்கக்காரர் துரத்தினார்கள். அவரும் உடுத்த உடுப்போடு புத்தளம் போனவர். பிறகு திரும்பி வந்து, சோனகதெருவில் வாப்பாவின் இடிந்த வீட்டுக்குக் கூரை போட்டார். மனைவி ஜலீலாவும் மகள் நிஹ்லாவும் வரவில்லை. மகளின் படிப்பு அங்கே, மனைவியின் சொந்தங்கள் அங்கே. இவர் இங்கே கடைச் சாப்பாடு. சண்டை ஒன்றும் இல்லை. எடுத்தால் ஜலீலா, "என்ன நடந்தது?" என்றுதான் தொடங்குவாராம். இவர் ஒன்றும் இல்லை என்பாராம். அதோடு இரண்டு பக்கமும் கதை முடிந்துவிடுமாம். ஆகையால் ஏதாவது நடந்தால்தான் எடுப்பது.

காங்கேசன்துறையில் அந்த ஒழுங்கைக்குள் திரும்பியபோது எனக்கு வாய் அடைத்துவிட்டது. அப்படி ஒரு ஊமை ஒழுங்கை. சனம் திரும்பி வராத வளவுகள் இரண்டு பக்கமும் பற்றையாய்க் கிடந்தன. தூரத்தில் மூடிக்கிடக்கும் சீமெந்துத் தொழிற்சாலை. கடல் இரைவது மட்டும் கேட்டது. முழு ஒழுங்கைக்கும் குடியிருக்கிற வீடு இரண்டுதான். ஒன்று ஆழ்வாப்பிள்ளை ஐயாவுடையது. மற்றது எதிர்வீடு.

எதிர்வீட்டில் மார்கிரட் என்ற ஒரு அம்மா முற்றம் கூட்டிக்கொண்டிருந்தார். நாங்கள் கள்ளனைப் பற்றிக் கேட்டதும் தும்புத்தடியை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தார்.

"கள்ளனோ? எங்கடை ஒழுங்கைக்கோ? வந்தால் நான் இருத்தி வைச்சுத் தேத்தண்ணி குடுப்பன், தம்பி. கதைக்க ஒரு ஆள் கிடைச்ச மாதிரி இருக்கும்."

"நீங்களும் ஐயாவும் கதைக்கிறேல்லையோ?" என்றேன்.

"அவர் ஆம்பிளை, நான் தனிச்ச பொம்பிளை. என்னத்தைக் கதைக்கிறது? அவர் வெளிக்கிடேக்கை நான் முன்னுக்கும் வாறேல்லை. அவையளுக்குச் சகுனம் பாக்கிற பழக்கம். நாங்கள் வேதக்காரர், எங்களுக்கு உது இல்லை. எண்டாலும் மற்றவையின்ரை மனதை ஏன் நோகடிப்பான்?"

"பூனை, நாய் ஏதும் வளக்கிறியளோ?" என்று கேட்டார் நானா.

"எனக்கே சமைக்க அலுப்பும் பஞ்சியுமாய்க் கிடக்கு. இதுக்கை பூனை வேறை."

பூனையைப் பற்றி ஏன் கேட்டார் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. ஓட்டோவை ஐயாவின் படலைக்குக் கொஞ்சம் தள்ளி, பூவரச நிழலில் விட்டுவிட்டுக் காத்திருந்தோம். நிரோஜா நல்லூரில் கணினிக்கு முன்னால் இருந்தாள். எச்சரிக்கை போனதும் எங்களுக்குச் சொல்வதாக ஏற்பாடு.

நேரம் ஆனதும் ஆழ்வாப்பிள்ளை ஐயா வந்தார். உயரமான மனிதர். மடிப்புக் குலையாத வேட்டி, சால்வை, நெற்றி நிறையத் திருநீறு. படலையைத் திறந்து ஒழுங்கையின் இரண்டு பக்கமும் பார்த்தார். ஒரு கால் வெளியே வைத்தார்.

ஓட்டோக்காரர் மாதிரி நடித்தால்தானே நம்புவார்கள் என்று நான் வாயைத் திறந்தேன்.

"ஐயா, எங்கை போறியள்? ஏத்திக்கொண்டு போய் விடட்டோ?"

அவர் திரும்பி நடந்து வீட்டுக்குள் போய்விட்டார். படலை திறந்தபடி கிடந்தது.

நானா தன் நெற்றியில் ஓங்கி அடித்துக்கொண்டார். "அடி விசரி! வெளிக்கிடுற மனிசனைப் பாத்து எங்கை போறியள் எண்டு ஆராவது கேப்பினமோ? நீயும் சைவப் பிள்ளைதானே! இனி அந்தாள் உள்ளுக்கை போய், கதிரையிலை இருந்து, தண்ணி குடிச்சிட்டுத்தான் திரும்ப வெளிக்கிடும்."

எனக்கு வெட்கமாய்ப் போய்விட்டது. எங்கள் வீட்டிலும் அப்படித்தான். போகிறவரைப் பின்னால் கூப்பிட்டாலோ, எங்கே என்று கேட்டாலோ, பூனை குறுக்கே போனாலோ திரும்பி வந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் யாரும் படி இறங்குவதில்லை.

அந்த நேரம் பார்த்து நானாவின் போன் அடித்தது. நிரோஜா கத்தினாள். "சேர்! இப்ப! கள்ளன் இப்ப ஹோலுக்கை நிக்கிறான்!"

நானா என்னைப் பார்த்தார். நான் நானாவைப் பார்த்தேன். பிறகு அவர் சிரித்தார். பெருநாள் இல்லாத ஒரு நாளில் அவர் சிரித்ததை நான் அன்றுதான் கண்டேன்.

"பிள்ளை," என்றார் போனில், "படலை எத்தினை தரம் திறந்தது?"

"ஒருக்காத்தான், சேர்."

"ஒருக்காத் திறந்தால் ஐயா வெளியிலை. அதுதானே நீ சொல்லி வைச்சது? அவர் படலையைத் திறந்தார். சகுனம் பிழைச்சுது. படலையைத் திறந்தபடி விட்டிட்டு உள்ளுக்கை போட்டார், தண்ணி குடிக்க. உன்ரை வரி அவர் கோயிலுக்குப் போட்டார் எண்டு நினைச்சுக்கொண்டிருக்கு. அப்ப ஹோலுக்கை நடக்கிறது ஆர்? கள்ளன்!"

"ஐயோ," என்றாள் நிரோஜா மறுமுனையில். "என்ரை அம்மாவும் இப்பிடித்தானே திரும்பி வந்து தண்ணி குடிச்சிட்டுப் போறவ. நான் எல்லாத்தையும் யோசிச்சன், எங்கடை ஆக்கள் ஒருத்தரும் ஒரே தரத்திலை வெளிக்கிடமாட்டினம் எண்டதை யோசிக்கேல்லை."

"இண்டைக்கே திருத்து," என்றார் நானா.

எனக்குத் தலைகால் தெரியாத சந்தோசம். கள்ளன் இல்லை. முதியோர் இல்லமும் இல்லை. அதைக் கண்டுபிடித்ததும் என் வாய். "இனிமேல் பெயர்ப்பலகையிலை என்ரை பேரை முதல் போடோணும்," என்று சொல்லிக்கொண்டே படலைக்குள் நுழைந்தேன்.

உள்ளே ஐயா யாருடனோ கதைப்பது கேட்டது. நாங்கள் விறாந்தையிலேயே நின்றோம். ஹோலில் ஒரு மேசை. அதன்மேல் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்த போன். திரையில் களைத்துப்போன ஒரு முகம், செந்தூரன். போனுக்கு நேரெதிரே கதிரை. அதில் ஐயா நிமிர்ந்து இருந்தார்.

"கதவெல்லாம் பூட்டியிருக்கோ அப்பா? ஆரையும் கண்டனீங்களோ?"

"இல்லைத் தம்பி. என்ன சாப்பிட்டனி?"

"அதை விடுங்கோ. பின்வளவைப் பாத்தனீங்களோ?"

"ஓம், ஓம். பிள்ளையள் படுத்திட்டினமோ? சின்னவனுக்கு இருமல் சுகமோ?"

"அப்பா! வீட்டுக்குள்ளை கள்ளன் நிண்டிருக்கிறான், நீங்கள் இருமலைக் கேக்கிறியள்! ஞாயிற்றுக்கிழமை வான் வந்திடும். உடுப்புகளை அடுக்குங்கோ. நான் வைக்கிறன்."

"தம்பி, அங்கை குளிரோ இப்ப..."

திரை இருண்டுவிட்டது. ஐயா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சால்வை நுனியால் போன் கண்ணாடியைத் துடைத்துவிட்டுத் திரும்பினார். எங்களைக் கண்டார்.

நான் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். நாங்கள் யார், நிரோஜா அனுப்பியது, படலை, சகுனம், தண்ணீர், புரோகிராமின் பிழை. "கள்ளனே இல்லை, ஐயா! நீங்கள்தான் கள்ளன்! இனி நீங்கள் ஒரு இடமும் போகத் தேவையில்லை!"

அவர் என் இரண்டு கையையும் பிடித்து அழுவார் என்று நினைத்தேன். அவர் கதிரையின் கைப்பிடியைத்தான் பிடித்தார்.

"அப்பிடியோ?" என்றார். "அப்ப இனி... போன் அடிக்காதோ, பிள்ளை?"

"அடிக்காது, ஐயா. இண்டைக்கே நிரோஜா திருத்திப்போடுவா."

"நல்லது," என்றார் அவர். முகத்தில் நல்லது நடந்த அடையாளம் ஒன்றும் இல்லை.

கதிரைக்குப் பக்கத்தில் முக்காலியில் ஒரு செம்பு இருந்தது. நானா அதைக் குனிந்து பார்த்தார்.

"ஐயா, தண்ணி குடிச்சனீங்களோ?"

"ஓம், குடிச்சனான்."

"செம்பு முட்ட இருக்கு. மேலை எறும்பு செத்து மிதக்குது. இது நேற்றைய தண்ணி." நானாவின் குரலில் அதிகாரம் இல்லை. "இவள் கேட்டதாலை நீங்கள் திரும்பேல்லை, ஐயா. இவள் வாயைத் திறக்க முதலே உங்கடை தோள் திரும்பிட்டுது. மற்ற வெள்ளியளிலை ஆர் கேட்டது? எதிர்வீட்டு அம்மா முன்னுக்கு வாறேல்லை. பூனையும் இல்லை. இந்த ஒழுங்கையிலை குறுக்கை போக ஒரு சீவன் இல்லை."

ஐயா செம்பை எடுத்து முக்காலியின் மறுபக்கம் நகர்த்தினார்.

"மகன் வேலையாலை வந்து, படுக்கப் போக முதல் உள்ள நேரம் பாத்துத்தான் கள்ளன் வாறான்," என்றார் நானா.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. கதிரை ஏன் போனைப் பார்த்திருந்தது என்பதும், நெற்றியில் ஏன் அத்தனை திருநீறு என்பதும். அவர் வெளிக்கிட்டது கோயிலுக்கு அல்ல. மகன் பார்க்கப் போகிறான் என்று வெளிக்கிட்டிருக்கிறார். எனக்கு ஒரு பகிடியும் வரவில்லை.

"முதல் தரம் உண்மையாய்த்தான் நடந்தது, தம்பி," என்றார் ஐயா மெதுவாக. "படலையடியிலை ஒரு பாம்பு குறுக்கை போச்சு. திரும்பி வந்து தண்ணி குடிச்சுக்கொண்டிருந்தன். போன் அடிச்சுது. அப்பா, அப்பா எண்டு கத்தினான். கனநேரம் கதைச்சான். தாய் செத்தாப்பிறகு அவன் அவ்வளவு நேரம் கதைச்சது அண்டைக்குத்தான்."

"நீங்களே எடுக்கலாமே, ஐயா?" என்றேன்.

"எடுத்தனான், பிள்ளை. என்னப்பா, என்ன நடந்தது எண்டு கேப்பான். ஒண்டும் நடக்கேல்லை எண்டுவன். அப்ப பேந்து எடுக்கிறன் எண்டு வைச்சிடுவான். அவனிலை பிழையில்லை, அங்கை ரெண்டு வேலை செய்யிறான். வீட்டிலை ஏதும் நடந்தால் போன் சொல்லும்தானே எண்டு நிம்மதியாய் இருந்தான். இஞ்சை என்ன நடக்கிறது? விடியும், பொழுதுபடும்."

நானா முக்காலியின் பக்கத்தில் தரையிலேயே இருந்துவிட்டார்.

"கொழும்புக்கு அனுப்புவான் எண்டு நான் நினைக்கேல்லை, தம்பி. உண்மையைச் சொல்லுவம் எண்டால், தகப்பனைப் பொய் சொல்ல வைச்சிட்டனே எண்டு அவன் உடைஞ்சு போவான். அதுக்கு நான் கொழும்புக்கே போறன். நீங்கள் அவனுக்கு இதைச் சொல்லக்கூடாது. சொல்லமாட்டன் எண்டு சொல்லுங்கோ."

"சொல்லமாட்டன், ஐயா," என்றார் நானா.

எனக்குக் கோபம் வந்தது. அவரை விறாந்தைக்கு இழுத்து வந்தேன். "நானா, என்ன செய்து வைச்சிருக்கிறியள்? பிழையைத் திருத்தினால் வீடு மிஞ்சும், மகன்ரை குரல் போகும். திருத்தாட்டில் குரல் வரும், வீடு போகும். இதுக்கோ வந்தனாங்கள்?"

"நம்பரைத் தா," என்றார் அவர்.

செந்தூரன் உடனே எடுத்தான். நானா தன்னை அறிமுகம் செய்துகொண்டு, படலை, சகுனம், புரோகிராமின் பிழை எல்லாவற்றையும் சொன்னார். நிரோஜாவிடம் சொன்னதில் ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. முடிவில் மறுமுனையில் சிரிப்புச் சத்தம் கேட்டது.

"கடவுளே! அப்பாவும் அவரின்ரை சகுனமும்! அண்ணை, பெரிய நிம்மதி. வானை நிப்பாட்டச் சொல்லுறன். அப்ப ஒண்டும் நடக்கேல்லை."

"ஓம், தம்பி. ஒண்டும் நடக்கேல்லை." நானா கொஞ்சம் நிறுத்தினார். "ஒண்டே ஒண்டு. உங்கடை அப்பா தண்ணி குடிக்கேல்லை."

"என்ன?"

"திரும்பி வந்தவர். கதிரையிலை இருந்தவர். போனையே பாத்துக்கொண்டு இருந்தவர். தண்ணி மட்டும் குடிக்கேல்லை. முதல் வெள்ளிக்குப் பிறகு ஒரு வெள்ளியும் குடிச்ச மாதிரித் தெரியேல்லை. சரி தம்பி, வைக்கிறன்."

வைத்துவிட்டார்.

"இதென்ன நானா, அரைவாசியிலை வைச்சிட்டியள்?"

"நான் ஒண்டும் சொல்லேல்லையே. செம்புத் தண்ணியைப் பற்றித்தானே சொன்னனான்," என்றார். "அவன் இந்த வீட்டுப் பிள்ளை. திரும்பி வந்த ஆள் தண்ணி குடிக்காட்டில் என்ன அர்த்தம் எண்டு அவனுக்கு விளங்காட்டில், வேறை ஒருத்தருக்கும் விளங்காது."

வீடு தப்பியது என்று ஐயாவிடம் சொன்னோம். அவர் தலையாட்டினார். "காணும், தம்பி. இது காணும்," என்றார். தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போகச் சொன்னார். குடித்தோம். நானாவிடம், "நீங்களும் தொண்ணூறிலையோ வெளிக்கிட்டனீங்கள்?" என்று கேட்டார். நானா ஓம் என்றார். "நாங்களும் அப்பதான்," என்றார் ஐயா.

"போட்டு வாறம், ஐயா."

"ஓம், போட்டு வாங்கோ."

படலை வரைக்கும் வந்தார். நாங்கள் வெளியே வந்ததும் சாத்திக் கொளுக்கியைப் போட்டார். நாங்கள் இருக்கும்போது அடிக்காத போன், இனி எங்கே அடிக்கப் போகிறது என்று எனக்கு மனம் பாரமாய் இருந்தது. நானாவின் ஓட்டோ வழக்கம்போல் முதல் இழுப்பில் கிளம்பவில்லை. இரண்டாவதிலும் இல்லை. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

உள்ளே போன் அடித்தது.

பாதி முற்றத்தில் போய்க்கொண்டிருந்த ஐயா நின்றுவிட்டார். வீட்டைப் பார்க்கவில்லை. திரும்பிப் படலையைப் பார்த்தார். அது சாத்தியிருந்தது. அவருக்கு நம்பிக்கை வரவில்லை. திரும்பி வந்து கொளுக்கியைத் தொட்டுப் பார்த்தார்.

"பிள்ளை, படலை பூட்டித்தானே கிடக்கு?"

"ஓம் ஐயா. பூட்டித்தான் கிடக்கு."

"அப்ப ஏன் அடிக்குது?"

"போய் எடுத்துப் பாருங்கோ, ஐயா. கெதியாய்ப் போங்கோ!"

போனார். சால்வை தோளிலிருந்து நழுவி மண்ணில் விழுந்தது. அதை எடுக்க அவர் குனியவில்லை. உள்ளேயிருந்து, "தம்பி... என்ன நடந்தது?" என்ற குரல் கேட்டது. மற்றப் பக்கம் என்ன சொன்னதோ தெரியாது, நெடுநேரம் சொன்னது. பிறகு மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. நானா ஓட்டோவைக் கிளப்பினார்.

தெல்லிப்பழை தாண்டினோம். சுன்னாகச் சந்திக்குக் கிட்ட நானா திடீரென்று ஓரமாக நிறுத்தினார். பழுதாகிவிட்டதாக்கும் என்று நினைத்தேன். அவர் போனை எடுத்து நம்பரை அழுத்தினார். காதில் வைக்கும்போது விரல் பட்டுச் சத்தம் வெளியே வந்துவிட்டது. அவர் அதைக் கவனிக்கவில்லை.

"என்ன நடந்தது?" ஜலீலாவின் குரலில் பதற்றம்.

"ஒண்டும் நடக்கல்ல."

"ஒண்டும் நடக்காமலா இந்த நேரத்தில எடுக்கிறீங்க? உண்மையச் சொல்லுங்க. உடம்புக்கு ஏலாதா?"

"அல்லாட காவல், உடம்பு நல்லாயிருக்கு. ஒண்டும் நடக்கல்ல, ஜலீலா. சும்மாதான் எடுத்தன்." நானா தொண்டையைச் செருமினார். "என்ன சமைச்ச?"

காலையில் வாழைக்குலையோடு ஏறிய அதே அம்மா, இப்போது வெறும் பையோடு ஓட்டோவை நோக்கி வந்தார். நான் இறங்கிப்போய் வழி மறித்தேன்.

"ஹயர் போறேல்லையோ, பிள்ளை?"

"இப்ப போகாது, அம்மா," என்றேன். "அவர் வீட்டோடை கதைச்சுக்கொண்டிருக்கிறார். கனநேரம் செல்லும்."